பதினொன்றாம் வார்டில் என் பெயர்

1

இங்கே ஓட்டு தபாலில் வருகிறது. சென்ற மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுபடித் தாளுக்கும் பல் டாக்டரின் ஞாபகக் கடிதத்துக்கும் நடுவில் ஒரு தடித்த உறை இருந்தது. நகரசபைத் தேர்தல். உள்ளே ஓட்டுச்சீட்டு, வேட்பாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்ட புகழுரைகள் அடங்கிய ஒரு சிறு புத்தகம், தபால்தலை ஒட்டத் தேவையில்லாத இன்னோர் உறை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே குறித்து, அடுத்த முறை பால் வாங்கப் போகும்போது கடை வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் முடிந்தது. அடையாள அட்டை வேண்டாம், வரிசை வேண்டாம், விரலில் மை வேண்டாம்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், இதற்குக் கீழே போனால் பனிக்கட்டிதான் என்கிற ஓர் ஊரில். பால் பவுடர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பெயர் சுடலைமுத்து. அது இங்கே யார் வாயிலும் நுழையாததால் ‘சூ’ ஆகிவிட்டது. சூ என்பது இங்கே பெண்களுக்கு வைக்கும் பெயர் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் என் சட்டைப் பையிலும் லாக்கர் கதவிலும் அதையே எழுதிவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

ஓட்டுச்சீட்டை மேசையில் விரித்து, பக்கத்தில் டீக்கோப்பையையும் வைத்து ஒரு படம் எடுத்தேன். அதை ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பி, ‘பார்த்தியா, இங்க எங்களுக்கு ஓட்டு வீடு தேடி வரும்’ என்று எழுதினேன். அனுப்பியதில் பெருமை தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு அனுப்பும் படங்களில் முக்கால்வாசி இந்த வகைதான்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“ஏலே, எனக்கு ஓட்டு இல்லைன்னுட்டாங்கலே,” என்றாள்.

2

அக்கா பேச்சியம்மாள் கேரளத்தில், மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி அணைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். முப்பத்துநான்கு வருடமாக அதே எஸ்டேட். அத்தான் அணைக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சோளம் சுட்டு விற்கிறார். நானும் அக்காவும் பிறந்தது அந்த எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் எட்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். வெளிநாட்டு நண்பர்களிடம் நான் அதை ‘மலைமேல் உள்ள வீடு’ என்று சொல்வது வழக்கம். கேட்பவர்கள் பொறாமைப்படுவார்கள். நானும் திருத்த மாட்டேன்.

போன வருட மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. பகல் நேரம், எல்லோரும் தேயிலைக் காட்டில் வேலையில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. முதல் இரண்டு வீட்டுச் சமையல் மூலைகள் மண்ணுக்குள் போயின. கம்பெனி எட்டுக் குடும்பங்களையும் கீழ் டிவிஷனில் பூட்டிக் கிடந்த பழைய லயத்துக்கு மாற்றியது. அதே பஞ்சாயத்து, அதே வார்டு, நடந்தால் இருபது நிமிட தூரம்.

அதோடு விட்டிருந்தால் அக்கா வேறு ஒருத்தியாக இருந்திருப்பாள். அவள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மனு எழுதினாள். கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கும் நாட்களில் சரிவான காட்டில் கொழுந்து எடுக்கச் சொல்லக் கூடாது, அந்த நாளுக்குச் சம்பளத்தையும் பிடிக்கக் கூடாது, மேட்டுக்கடியில் இருக்கும் மற்ற லயங்களையும் மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். இவ்வளவுதான் மனு. ஊரில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறார்கள், படகுச் சவாரியை நிறுத்துகிறார்கள், சுற்றுலாக்காரர்களை ரோட்டில் மறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள், எங்களை மட்டும் மலைமேல் ஏறச் சொல்கிறார்கள் என்பது அவள் கேள்வி. மனுவை வாங்கிய ஒவ்வொருவரும் அதை இன்னொருவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். கடைசியில் பஞ்சாயத்து வார்டு மெம்பரிடம் போனபோது அவர், இதெல்லாம் தேர்தல் முடியட்டும் என்றாராம்.

அப்படியானால் நானே நிற்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பதினொன்றாம் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பழைய மெம்பர் தன் மனைவியை நிறுத்துவதாக இருந்தார், பிறகு பேசுவதெல்லாம் அவராகத்தான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மாதத்துக்குள் மெம்பரின் மச்சினன் ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டான். பேச்சியம்மாள் என்பவர் அந்த வீட்டில் இப்போது வசிக்கவில்லை, இடம் மாறிவிட்டார். எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த வீட்டில் இப்போது மண் மட்டுமே வசிக்கிறது. விளக்கம் கேட்டு வந்த நோட்டீசைக் காலி லயத்தின் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே போய்ப் படிக்க ஆள் இல்லை. பதில் வராததால் பெயரை நீக்கிவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் வேட்பாளராக நிற்க முடியாது. திரும்பப் பெயர் சேர்க்க விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

3

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன்.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். அதற்கு அக்கா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மூணாறுக்குப் போய், கம்ப்யூட்டர் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கீழ் டிவிஷனில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மகளுக்கு இதெல்லாம் தெரியும், அவளிடம் கேட்கிறேன் என்றுதான் அக்கா சொன்னாள். நான் விடவில்லை. எதற்கு இன்னொருத்தர் கையைப் பிடிக்க வேண்டும், நான் இங்கிருந்தே பத்து நிமிடத்தில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

என் தைரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான் எங்கள் தொழிற்சாலையில் தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதி. தேர்ந்தெடுக்கப்பட்டவன். தேர்தல் நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் யாராவது முன்வருகிறீர்களா என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் கேள்வி புரியாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அதன்பிறகு இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், மஞ்சள் சட்டை. வேலை ஆபத்தானது என்று எனக்குத் தோன்றினால் நிறுத்தச் சொல்ல சட்டப்படி அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை ஒரே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறேன். பாக்கெட் போடும் இடத்தில் தரை வழுக்கியது. முக்கால் மணி நேரம் வேலையை நிறுத்தினேன். மேனேஜர் வந்து நன்றி சொன்னார், மறுநாள் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள்.

இதை நான் அக்காவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆபத்தான வேலையைச் செய்ய மறுப்பது தொழிலாளியின் உரிமை, நீ ஏன் மறுக்கக் கூடாது என்று உபதேசமும் செய்திருக்கிறேன். இந்த ஜூலையில் அவளும் இன்னும் பதினான்கு பேரும் மறுத்திருக்கிறார்கள். சரிவில் வெடிப்பைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு இறங்கி வந்து மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அரை நாள் மட்டும் போட்டு அனுப்பினார்கள். கேக் கொடுத்தாங்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது என்பதை மட்டும் வெட்கத்தோடு எழுதிவைக்கிறேன்.

4

பத்து நிமிடம் என்றேனே, நான்கு நாள் ஆனது.

போன் நம்பருக்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் பக்கம் திறக்கும். அக்காவுக்குப் போன் சிக்னல் கிடைப்பது சில்வர் ஓக் மரம் நிற்கும் ஒரு வளைவில் மட்டும். அவள் வேலை முடிந்து அங்கே வந்து நின்றுகொண்டு, வந்துட்டேன்லே, போடு என்பாள். நான் போடுவேன். எண் வந்து, அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வோர் எண்ணாகப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறை தப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். நான்காம் நாள் கண்ணாடியை முதலிலேயே போட்டுக்கொண்டு வந்தாள்.

பக்கம் திறந்ததும் முதலில் அவள் பழைய பெயரைத் தேடினேன். பதினொன்றாம் வார்டு, மேல் டிவிஷன் லயம், இரண்டாம் எண் வீடு. பேச்சியம்மாள் இல்லை. அத்தான் பெயர் திருமணத்துக்கு முன்பிருந்தே வேறு வீட்டு எண்ணில் இருக்கிறது, அது அப்படியே இருந்தது. இரண்டாம் எண் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

சுடலைமுத்து. வயது நாற்பத்தெட்டு.

மேடு சரிந்து மண் புகுந்த வீட்டில், பதினெட்டு வருடமாக ஊரில் இல்லாத நான் மட்டும் அசையாமல் குடியிருக்கிறேன். நான் ஏழு வருடத்துக்கு முன்பே இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவன். அன்றோடு அந்த ஓட்டு எனக்கு இல்லாமல் போய்விட்டது. நீக்கச் சொல்லி எழுதிப்போட வேண்டியது என் வேலை, நான் செய்யவில்லை. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் குற்றவுணர்ச்சி வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். பால் பவுடர் வாசனையோடு உட்கார்ந்திருந்த சூவுக்கு, எங்கோ ஒரு மலையில் முழுப்பெயரோடு ஓர் இடம் இருக்கிறது என்கிற சந்தோஷம். அதைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

பிறகு விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர், வயது, கணவர் பெயர், தற்போதைய முகவரி. கீழ் டிவிஷன் லயம், ஆறாம் எண். அடுத்த கட்டத்தில் நிரந்தர முகவரி கேட்டிருந்தது.

எஸ்டேட்டில் பிறந்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிரந்தர முகவரி சொல்வோம். சங்கரன்கோவில் தாலுகா, கிராமம், மேலத் தெரு. அது எங்கள் தாத்தா கிளம்பி வந்த தெரு. லயம் கம்பெனியுடையது, வேலை இருக்கும்வரைதான் வீடு, அதை எவனாவது நிரந்தரம் என்று எழுதுவானா என்று அப்பா சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதியது, பேங்கில் எழுதியது, என் பாஸ்போர்ட்டில் இருந்தது எல்லாம் அந்தத் தெருதான். மூன்று தலைமுறையாக அங்கே எங்களுக்கு ஒரு சுவர்கூட இல்லை. ஆனால் கட்டத்தைக் கண்டால் கை தானாக அதை எழுதிவிடும். என் கையும் எழுதியது. தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், பின்கோடு உட்பட. ஓர் எழுத்துப்பிழை இல்லை.

‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வந்ததும் அக்காவிடம், உன் வேலை முடிந்தது, நீ தைரியமாக ஓட்டுக் கேட்கப் போ என்றேன்.

5

பத்து நாள் கழித்து அக்காவுக்கு ஹியரிங்குக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இந்த முறை சரியான கதவில் ஒட்டினார்கள். மலையாளத்தில் இருந்ததை அத்தான் படித்துச் சொன்னார். விண்ணப்பதாரரின் ஸ்திரதாமசம், அதாவது நிரந்தரக் குடியிருப்பு, தமிழ்நாட்டில் என்று அவரே குறிப்பிட்டிருப்பதால், அவரை ஏன் இந்தப் பஞ்சாயத்தின் வாக்காளராகச் சேர்க்க வேண்டும் என்று ஆதாரத்துடன் விளக்க வேண்டும்.

எங்களைப் போன்ற எஸ்டேட் தமிழர்களைப் பார்த்து, உங்களுக்கு இங்கே ஒரு ஓட்டு, அங்கே ஒரு ஓட்டு என்று சொல்வது அங்கே பழைய பழி. அதை யாரும் தேடிப் போய்ச் சுமத்த வேண்டியிருக்கவில்லை. நானே டைப் செய்து, பின்கோடும் போட்டு அனுப்பி வைத்திருந்தேன்.

என் மனைவி சித்ரா பாலக்காட்டுக்குக் கிழக்கே முதலமடைக்காரி. நான் பாலக்காட்டில் பால் ஆலையில் வேலை பார்த்தபோது எங்களுக்குக் கல்யாணம் ஆனது. மாந்தோப்புக்காரர்களின் வீட்டுப் பெண், எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. இங்கே முதியோர் இல்லத்தில் நர்சாக இருக்கிறாள். நடந்ததை எல்லாம் சொல்லி, கடைசியில் போனில் இருந்த அந்தப் படத்தையும் காட்டினேன். இதையாவது பார்த்து ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, இல்லாத ஊட்டுக்கு நீங்க எதுக்குங்க ஓட்டு வெச்சிருக்கறீங்க?” என்றாள்.

வைத்திருக்கவில்லை, அதுவாக இருக்கிறது என்றேன். அவள் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்திருப்பவளைப் போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகள் தாரணிக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அத்தையை ‘ஆன்ட்டி’ என்பாள். பருவநிலை மாற்றத்தை ஊர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று அவளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். இந்த ஊர் ஆற்றங்கரையை நகரசபை உயர்த்துகிறது, வெள்ளம் வந்தால் போனுக்குச் செய்தி வரும், இதையெல்லாம் எழுதியிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஊர் வேண்டும் என்று, அதற்கு முந்தின மாதமே என்னை நடுவில் வைத்து அக்காவிடம் பேட்டி எடுத்திருந்தாள். அவள் கேட்ட ஆங்கிலக் கேள்வியை நான் மொழிபெயர்த்தது இப்படி இருந்தது: ‘உங்க மக்கள் மழையை எப்படித் தாங்குறீங்கன்னு கேக்குறா.’

“தாங்கலலே. ஓடுதோம்,” என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். மேட்டில் வெடிப்பு விட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைப்பார்கள். தினமும் காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்துக்கு, முன்னால் இரண்டு பெண்கள் போய்ப் பார்ப்பார்கள். குச்சி சாய்ந்திருந்தால் அன்றைக்கு லயத்தில் குழந்தைகளை விடாமல் எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மேடு சரிந்த அன்று வீட்டில் ஒருவரும் இல்லாததற்கும் அந்தக் குச்சிதான் காரணம். நான் இதைத் தற்செயல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். தாரணி ‘குச்சி’ என்கிற சொல்லைத் தமிழிலேயே எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது நடந்தது தெரிந்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. ஆன்ட்டியின் பெயரை எடுத்த பட்டியலில் உன் பெயர் இருப்பது ஆன்ட்டிக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். ஏன் சொல்லவில்லை என்றாள். நான் ஏதோ சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னதால் இலக்கணம் உதைத்தது. அதற்குள் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் என்னிடமிருந்து விலகிப் போகிறாள் என்று நான் அடிக்கடி வருத்தப்படுவதுண்டு. அன்று அவள் விலகிப் போய் நிற்பது நல்ல இடத்தில்தான் என்று தோன்றியது.

அப்போதும் நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. ஹியரிங்குக்கு முன்னால் அவளைக் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

6

ஹியரிங் நடந்த அன்று இங்கே சாயங்காலம். நான் சாப்பாட்டு மேசையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகரசபை ஓட்டுச்சீட்டு இன்னும் அதே மேசையில் கிடந்தது. யாருக்குப் போடுவது என்று தெரியாமல் புத்தகத்தில் இருந்த பதினோரு புகழுரைகளையும் மறுபடி படித்தேன். எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னபடி எழுதுகிறேன். பஞ்சாயத்து செக்ரட்டரி ஒரு பெண், கோட்டயம் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். தமிழ் புரிந்துகொள்வார், மலையாளத்தில் பேசுவார். மெம்பரின் மச்சினன் முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தான். நிரந்தர முகவரி தமிழ்நாடு என்று இவரே எழுதியிருக்கிறார், இனி என்ன விசாரணை என்றான்.

செக்ரட்டரி, எது உங்கள் நிரந்தரமான ஊர் என்று அக்காவைக் கேட்டார்.

“மேடம், அது எங்க தாத்தா பொறந்த ஊரு. எல்லா ஃபாரத்துலயும் அதைத்தான் எழுதணும்னு எங்களுக்குச் சொல்லித் தந்துட்டாங்க. நான் அந்த ஊருக்கு ரெண்டு தடவைதான் போயிருக்கேன். ரெண்டும் சாவுக்கு.”

பிறகு இந்த வருடத்து வேலை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வேலை நாளும் வந்ததற்கு அதில் குறி இருந்தது. ஜூலையில் போட்ட அந்த அரை நாளும் இருந்தது. சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு காலை எட்டு மணிக்கு மாட்டுப்பட்டியில் கொழுந்து எடுக்க முடியுமா என்று கேட்டாளாம். செக்ரட்டரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேஷன் கார்டையும் பார்த்தார். இவ்வளவு தெளிவு போதும், ஓர் ஆளை அனுப்பி இப்போதைய வீட்டையும் பார்த்துவிட்டுப் பெயரைச் சேர்ப்பதில் தடை இல்லை என்று எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் மச்சினன் தன் பையிலிருந்து பட்டியலின் நகலை எடுத்திருக்கிறான். இந்தக் குடும்பம் கள்ள ஓட்டு வைத்திருக்கிற குடும்பம், இதோ பாருங்கள், இரண்டாம் எண் வீட்டில் இவருடைய தம்பி, வெளிநாட்டுக் குடிமகன் என்றான்.

அக்காவுக்கு அது புதிய செய்தி. பட்டியலை வாங்கிப் பார்த்தாளாம். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும், மலையாளம் மெதுவாகக் கூட்டிப் படிப்பாள். என் பெயரைக் கூட்டிப் படித்திருக்கிறாள்.

செக்ரட்டரி நியாயமான ஆள். இது வேறு விஷயம், இதற்கும் உங்கள் விண்ணப்பத்துக்கும் சம்பந்தமில்லை, யாராவது தனியாக எழுதிக் கொடுத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மச்சினனையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். அக்காவின் வேலை முடிந்தது, அவள் எழுந்து வந்திருக்கலாம்.

அவள் எழவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

7

அக்கா கூப்பிட்டபோது நான் எடுத்தவுடன், பெயரைச் சேர்க்க எழுதிவிட்டார்கள் என்றாள். நான் சத்தமாகவே மூச்சு விட்டேன். சித்ரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தாரணிகூட ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள்.

“இன்னொண்ணும் சொல்லணும்லே. பட்டியல்ல உன் பேரும் இருக்குன்னு மெம்பர் மச்சினன் காட்டுனான், அது வேற விஷயம்னு மேடம் விட்டுட்டாங்க. உன் பேரை வெட்டச் சொல்லி நான்தான் எழுதிக் குடுத்தேன்.”

அது எடுக்கப்பட வேண்டிய பெயர்தான், நானே எடுத்திருக்க வேண்டியது. இதெல்லாம் தெரிந்தும் வாயிலிருந்து வந்தது வேறு. அந்த மேடமே அவசியம் இல்லை என்று சொன்னார்களே, பிறகு எதற்கு அக்கா என்று கேட்டுவிட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை, மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தையின் குரல்.

அந்த வளைவில் ஒரு ஜீப் போகும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு ஒவ்வொரு லயமா ஏறி ஓட்டுக் கேக்கப் போறேன். உண்மையா இருக்கிறவங்க பேரை இல்லைன்னு வெட்டுதாங்க, இது அநியாயம்னு பேசப் போறேன். இல்லாதவன் பேரை என் வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிலே பேசுவேன்?” என்றாள். “நீ இல்லைங்கிறது எனக்குப் பதினெட்டு வருசமாத் தெரியும். இன்னைக்குத்தான் எழுதிக் குடுத்தேன்.”

தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். செக்ரட்டரி மேடம் சொல்லச் சொல்ல மலையாளத்தில் ஒருவர் எழுதினாராம், இவள் கையெழுத்துப் போட்டாளாம். என் தம்பி இங்கே வசிக்கவில்லை, திரும்பி வந்து வசிப்பான் என்கிற எண்ணமும் எனக்கு இல்லை. இரண்டாவது பாதியை மேடம் சொல்லவில்லை, அவளே சேர்த்துக்கொண்டது.

பிறகு அவள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். சின்னம் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், குடை கிடைத்தால் நல்லது. போஸ்டருக்குப் படம் எடுக்க, முதலில் கேட்பதாக இருந்த அந்தக் கீழ் டிவிஷன் பெண்ணின் மகளையே கூப்பிட்டிருக்கிறாள். இனிமேல் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அந்தப் பிள்ளைதான் பார்க்கும், நீ எதையும் தொட வேண்டாம் என்று மிகுந்த அன்போடு சொன்னாள். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு, பட்டியலில் என் பெயர் இருந்த அந்தப் படத்தை அழித்தேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாதுகாப்புப் பிரதிநிதிகள் அழுவதைப் பற்றி அந்த இரண்டு நாள் பயிற்சியில் எதுவும் சொல்லித் தரவில்லை.

இதை நீங்கள் படிக்கும்போது அக்கா வேட்புமனு தாக்கல் செய்திருப்பாள். சிவப்பு எச்சரிக்கை நாளில் சம்பளத்தோடு விடுமுறை, மேட்டுக்கடியில் இருக்கும் லயங்களுக்கு மாற்று இடம், இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கிறாள். ஜெயிப்பாளா என்று தெரியாது. மெம்பருக்கு ஆள்பலம் அதிகம்.

பதினொன்றாம் வார்டில் இப்போது எனக்கு ஓட்டு இல்லை. இத்தனை வருடத்தில், இரண்டு நாட்டிலும் சேர்த்து, யாருக்குப் போட வேண்டும் என்று சந்தேகமில்லாமல் எனக்குத் தெரிந்த தேர்தல் இது ஒன்றுதான்.